பிள்ளைக்கு முதல் கிட்டார்



ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் குறைக்குச் சாக்குத் தேடுகிறவர்களைப் பற்றி நம் முன்னோர் சொன்ன பழமொழி இது. ஆனால் கிட்டார் பழகத் தொடங்கும் பிள்ளைகள் விஷயத்தில், பல சமயம் கூடம் மெய்யாகவே கோணலாயிருக்கிறது. விரல் நோகிறது என்று பிள்ளை அழுகிறது. "உனக்குச் சங்கீத ஞானம் இல்லை" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கிட்டார் பீரோவின்மேல் ஏறிவிடுகிறது. குற்றம் பிள்ளையிடமா, வாத்தியத்திலா என்று யாரும் விசாரிப்பதில்லை.

புதுநன்மைக்கும், கிறிஸ்துமஸுக்கும், பெரிய லீவுக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்கித் தரும் பெற்றோர் உண்டு. ஆகையால் வாங்குமுன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே வரிசையாய்ச் சொல்லுகிறோம்.

1. எந்தக் கம்பி? 1818ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், ஆஸ்திரியாவிலுள்ள ஓபர்ன்டார்ஃப் என்னும் ஊரில், உதவிக் குருவான யோசேப் மோர் சுவாமியார் கிட்டாரை மீட்ட, "சைலண்ட் நைட்" கீதம் முதன்முறையாய்ப் பாடப்பட்டது. அக்காலத்துக் கிட்டாருக்கு மிருகங்களின் குடலிலிருந்து செய்த நரம்பைக் கட்டுவார்கள். 1940களில் அதற்குப் பதிலாக நைலான் வந்தது. நைலான் கட்டிய கிட்டாருக்குக் கழுத்து அகலம்; கம்பி விரலுக்கு மிருது. மற்றொரு வகை எஃகுக் கம்பி கட்டியது. அதன் ஓசை கணீரென்றிருக்கும். பாடகர் குழுவோடு வாசிக்க ஏற்றது. ஆயினும் அதன் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ பாரத்தோடு இழுக்கின்றன. நைலானின் இழுப்பு 40 கிலோ அளவுதான். ஆதலால் சிறுபிள்ளைக்கு நைலானே நல்லது; வாலிபர்கள் எஃகில் தொடங்கலாம். ஒன்றை மறவாதீர்கள்: நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பியை ஒருபோதும் கட்டாதீர்கள். அந்த இழுப்பில் பலகை மேடிட்டு, கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

2. அளவு. வளரும் பிள்ளை என்று பள்ளிச் சட்டையைப் பெரிதாய்த் தைப்பதுபோல் கிட்டாரையும் பெரிதாய் வாங்குகிறவர்கள் உண்டு. சட்டையை மடித்துக்கொள்ளலாம், கிட்டாரை மடிக்க முடியாது. பொதுவாய் 6 முதல் 8 வயது வரை அரை அளவும், 9 முதல் 11 வரை முக்கால் அளவும், அதற்குமேல் முழு அளவும் பொருந்தும். ஆனால் வயதைவிடக் கையே சரியான அளவுகோல். பிள்ளையை உட்கார வைத்துக் கிட்டாரைக் கொடுங்கள். கழுத்தின் நுனியிலுள்ள முதல் பிரெட்டை எட்டும்போது இடது முழங்கை சற்று மடங்கியே இருக்க வேண்டும்.

3. கம்பியின் உயரம். விரல் நோவுக்கும் கண்ணீருக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். வீணைக்கு மெட்டு எப்படியோ, கிட்டாருக்குப் பிரெட் அப்படி. பள்ளி ஸ்கேல் ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பன்னிரண்டாம் பிரெட்டின் மேல் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். எஃகுக் கம்பியானால் இரண்டரை மில்லிமீட்டர் அளவும், நைலானானால் 4 மில்லிமீட்டர் அளவும் இருந்தால் சரி. அதற்கு மிகவும் மேற்பட்டால், பெரியவர்களுக்கே அழுத்துவது பாடு. "கம்பியைத் தாழ்த்திக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கடைக்காரர்கள் இதைச் செட்டப் என்பார்கள். முடியாது என்றால் வேறு கிட்டார் பாருங்கள்.

4. சுருதி. பன்னிரண்டாம் பிரெட் கம்பியைச் சரிபாதியாய்ப் பிரிக்கிறது. ஆகவே அங்கே அழுத்தி மீட்டினால், அழுத்தாமல் மீட்டிய அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். பிசகினால், எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் அந்தக் கிட்டார் ஒத்துவராது. பின்பு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு பிரெட்டிலும் அழுத்தி மீட்டி, எங்கேனும் 'இர்ர்' என்று அதிர்கிறதா எனக் கேளுங்கள். தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் கழுத்தின் நெடுகப் பார்த்து, முறுக்கிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

5. பணம். கையிலுள்ள தொகை முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். உறைக்கும், மாற்றுக் கம்பிகளுக்கும் கொஞ்சம் மீதி வையுங்கள். சுருதி பார்க்கும் செயலி கைப்பேசியிலேயே இலவசமாய்க் கிடைக்கிறது. வர்ணத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்காதீர்கள். நல்ல நிலையிலுள்ள பழைய கிட்டார், மலிவான புதியதைவிட மேல். பிரிட்ஜ் தூக்கியிருக்கிறதா, கழுத்தில் விரிசல் உண்டா என்று மட்டும் பாருங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரையும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வாங்கிய பின், நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும். முதல் சில வாரங்கள் விரல் நுனி நோகும். பிறகு தோல் காய்த்துப்போகும். அப்படியும் பிள்ளை, "அப்பா, எனக்கு இதில் மனமில்லை" என்று சொன்னால், கோபிக்காமல் நம்புங்கள். கூடம் நேராயிருந்ததா என்று பார்க்கவேண்டிய கடமையை நீங்கள் செய்துவிட்டீர்கள். அதைச் செய்யாமல், திறமை இல்லை என்ற சொல்லை மட்டும் பிள்ளையின்மேல் சுமத்திவிடாதீர்கள். அது நெடுநாள் மனதில் தங்கிவிடும்.