கரண்ட் வந்த பிறகு

அன்புள்ள கயல்,

மேல்தொட்டி நிரம்பியதும் நீ எழுதிய புரோகிராம் மோட்டாரைத் தானே நிறுத்திவிடுகிறது என்று அண்ணி போனில் பூரித்துச் சொன்னார். போன வாரம் கரண்ட் போய் வந்ததும் அது செத்துக் கிடந்ததையும், பிளக்கைப் பிடுங்கிச் செருகியபின் பிழைத்ததையும் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய நிரலைப் படித்தேன். வைஃபைக்கு ஐந்து முறை முயன்றுவிட்டு, கிடைக்காவிட்டால் நின்றுவிடச் சொல்லியிருக்கிறாய். கரண்ட் வந்த ஓரிரு நொடியில் உன் கருவியிலுள்ள ஈஎஸ்பி32 எழுந்துவிடும். ரூட்டர் எழ ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆகும். ரூட்டர் கண் விழிப்பதற்குள் உன் கருவி கைவிட்டுவிட்டது. மொட்டைமாடியில் தனியாகக் கிடக்கும் கருவி ஒருபோதும் கைவிடக் கூடாது, கயல். முயன்றுகொண்டே இருக்கட்டும், இடைவெளியை மட்டும் ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு என்று கூட்டிப் போ, ஒரு நிமிடத்தைத் தாண்டாதே. ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள். இல்லையென்றால் வீட்டிலுள்ள அத்தனை கருவிகளும் ஒரே நொடியில் போய் ரூட்டரை முட்டும்.

இணைப்பு அறுந்ததே தெரியாமல் அறுவது இதைவிடப் பொல்லாதது. மறுமுனை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், எதையும் அனுப்பாமல் காதை மட்டும் திறந்துவைத்திருக்கும் டிசிபி இணைப்புக்கு அது தெரியவே தெரியாது. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவை லினக்ஸில் இயக்கினாலும், நீ மாற்றாதவரை முதல் சோதனை 7200 நொடி கழித்துத்தான். இரண்டு மணி நேரம்! அதற்குள் தொட்டி வழிந்து தெருவில் ஓடும்.

கருவிகள் சேதி பரிமாற நீ பயன்படுத்தும் எம்க்யூடிடி இதற்கென்றே பிறந்தது. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. கீப்அலைவை 30 நொடி என்று வை. அதன் ஒன்றரை மடங்கு, 45 நொடி, உன் கருவியிடமிருந்து சத்தமே இல்லையென்றால், நடுவில் நின்று சேதிகளைக் கைமாற்றும் புரோக்கர் இணைப்பை முறித்துவிட்டு, நீ முன்கூட்டியே எழுதிக் கொடுத்த உயிலை எல்லோருக்கும் அறிவிக்கும். அதன் பெயரே உயில்தான். "மாடிக் கருவி இல்லை" என்று அதில் எழுதிவை.

இணைப்பு திரும்பியதும் பழைய கட்டளையைத் தூசிதட்டி ஓட்டாதே. ஒரு மணி நேரத்துக்கு முன் அனுப்பிய "ஆன்" இப்போது வந்து சேர்ந்தால் ஆபத்து. நிலையைச் சொல்லும் செய்தியைப் புரோக்கரில் தங்கவிடு, கட்டளையைத் தங்கவிடாதே. மறுபடி சந்தா செய், மோட்டாரை இயக்கும் ரிலே இப்போது எப்படி இருக்கிறதோ அதை உள்ளபடி சொல், பிறகு வேலையைத் தொடங்கு.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் தொட்டி நிரம்பியதை மாடி ஃபுளோட் சுவிட்ச் சர்வருக்குச் சொல்லும், சர்வர் மோட்டாருக்குச் சொல்லும். ஒரு ராத்திரி ரூட்டர் உறைந்துவிட்டது. நிறுத்தச் சொன்ன சேதி போய்ச் சேரவில்லை. கீழ்த்தொட்டி வற்றி, தண்ணீரில்லாமல் ஓடி, விடிவதற்குள் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனது. காலையில் மோட்டாரைத் தொட்டபோது இருந்த சூடும் அந்தக் கருகல் வாடையும் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒன்றில் பிடிவாதமாக இருக்கிறேன்: தொடங்கச் சொல்ல நெட்வொர்க் வேண்டுமானால் இருக்கட்டும், நிறுத்துவதற்கு அது தேவைப்படவே கூடாது. உங்கள் தொட்டி நிரம்ப 25 நிமிடம் என்றால், 30ஆவது நிமிடம் ரிலே யாரையும் கேட்காமல் விழ வேண்டும். மாடியிலிருந்து ஒரு நிமிடம் சேதி வராவிட்டாலும் விழ வேண்டும். அந்தக் கணக்கை மோட்டார் பக்கத்துக் கருவியிலேயே எழுது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியைத் தொட்டியருகே நிற்கச் சொல்லிவிட்டு, மோட்டார் ஓடும்போதே ரூட்டர் பிளக்கைப் பிடுங்கு. எத்தனை நொடியில் மோட்டார் நின்றது, பிளக்கைத் திரும்பச் செருகியபின் யாரும் தொடாமல் எல்லாம் ஒழுங்குக்கு வர எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா