உப்பளமும் ஓவியரும்

சென்னையினின்று கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை அணுகும்போது ஒரு புதுமையைக் காண்பர். வயலைப் போலவே வரப்புக் கட்டிய பாத்திகள் நெடுந்தொலைவு பரந்து கிடக்கும். ஆயின், அவற்றில் பயிர் இல்லை, உவர்நீர் நிற்கும். கரைகளில் உப்புக் குவியல்கள் வரிசையாக எழுந்து விளங்கும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர். இந்நிலத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட வரும் ஓவியர் என்னென்ன காண்பார்?

உப்பு வெண்மையானது, ஆகவே வெள்ளை வண்ணமே போதும் என்று முதலில் தோன்றும். காலை ஆறு மணிக்கே அவ்வெண்ணம் பொய்த்துவிடும். ஞாயிறு எழும்போது குவியலின் கிழக்குப் பக்கம் இளமஞ்சளாகவும், நிழல் விழும் மேற்குப் பக்கம் நீலச் சாயலாகவும் தோன்றும். உவர்நீர் முற்றிய பாத்திகளில் நுண்ணுயிர்கள் பெருகிச் செம்மை படர்வதும் உண்டு. உச்சிப்பொழுதிலோ எல்லா நிறமும் ஒளியில் கரைந்து கண் கூசும். ஆதலின் காலைக்கு ஓர் ஓவியத்துணியும் மாலைக்கு வேறொன்றும் வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மோனே, 1890-91ஆம் ஆண்டுகளில் வைக்கோற்போர்களைத் தீட்டியபோது, ஒளி மாறுந்தோறும் துணியை மாற்றினார்.

திறந்த வெளியில் எண்ணெய் வண்ணம் தீட்டுதல் முன்னாளில் எளிதன்று. அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தனர். 1841-இல் ஜான் ராண்டு என்பார் தகரக் குழாயை அமைத்த பின்னரே வண்ணங்களைப் பையிலிட்டு எங்கும் எடுத்துச் செல்ல முடிந்தது. எனினும் மரக்காணத்துக் கடற்காற்று ஓவியரை எளிதில் விடாது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி பாய்மரம்போல் காற்றை வாங்கும். தாங்கியின் நடுவே கல்லொன்றைக் கட்டித் தொங்கவிடுதல் நலம். மணலும் வந்து ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல இறுகுவது. அதற்குப் பல நாள் ஆகும். ஈரத்தில் மணலைத் துடைத்தால் ஓவியமே கெடும். இறுகியபின் தட்டி எடுக்கலாம்.

சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர், இளமையில் இயற்கைக் காட்சிகளை விரைவில் உலரும் நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்றவர். பின்னர் 1966-இல், அவர் முயற்சியால் இதே கடற்கரைச் சாலையில் சோழமண்டல ஓவியர் சிற்றூர் தோன்றியது.

வெளியில் தீட்ட இயலாதது ஒன்றுண்டு. உப்பளத்தில் ஆடவர் நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாருவர். பெண்டிர் கூடையிற் சுமந்து செல்வர். ஓவியருக்காக அவர்கள் நில்லார். நிற்கச் சொல்வதும் முறையன்று. அதனால் சிலர் ஆளில்லாத வெண்குன்றுகளை மட்டும் தீட்டித் திரும்புகின்றனர். அது அழகிய படமாகலாம், உண்மைப் படமாகாது. குடையின் கீழ் ஓவியர் ஒருமணி நேரம் பொறுக்கும் வெயிலை அவர்கள் நாள் முழுதும் பொறுக்கின்றனர். உவர்நீர் அவர்கள் பாதத்தை வெடிக்கச் செய்கிறது.

இங்கேதான் ஓவியக்கூடம் துணை செய்கிறது. 1888-இல் பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஆர்ல் நகரில் வான்கோ இரு திராட்சைத் தோட்டங்களைத் தீட்டினார். பச்சைத் தோட்டத்தை நேரில் இருந்தே வரைந்தார். சிவந்த தோட்டத்தையோ, மாலை உலாவில் கண்டு வந்து, நினைவினின்று வரைந்தார். அந்த இரண்டாம் படத்தில் குனிந்து பழம் பறிக்கும் பெண்டிர் நிறைந்துள்ளனர். மரக்காணத்திலும் உப்பு வாருவோரின் குனிவையும் நடையையும் சிறு ஏட்டில் விரைந்து கோடிட்டு வந்தால், கூடத்தில் அமர்ந்து அவர்களை உரிய இடத்தில் நிறுத்தலாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும். குவியல்களை ஓலையால் மூடுவர். ஓவியர் அப்போது கூடத்தில் படத்தை முடித்துக்கொண்டிருப்பார். படத்தில் உள்ளவர்களுக்கோ, பாத்தி மீண்டும் காயும் வரை உப்பளத்தில் வேலை இராது.