கிணற்று முறையும் கிராம ஒழுக்கமும்

ஒரு கிராமத்தாரின் ஒழுக்கம் ஏட்டுப் படிப்பினால் மாத்திரம் உண்டாவதன்று. அவர்கள் பயிர் செய்யும் முறையினாலும் உண்டாகின்றது. சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் மேட்டு நிலங்களில் இதற்குக் கண்கண்ட சான்று கூட்டுக் கிணறு.

காவேரிக் கரையும் ஏரிப் பாசனமும் நீங்கலாக, இப்பகுதியின் தோட்ட வெள்ளாமை பாறையை உடைத்து வெட்டிய கிணறுகளையே நம்பியிருந்தது. தகப்பன் வெட்டிய கிணறு மக்களுக்குப் பாகமானபோது நிலத்தைப் பிரிக்க முடிந்தது; ஊற்றைப் பிரிக்க முடியவில்லை. ஆகவே தண்ணீரை நாட்களாகப் பிரித்தனர். கால் பங்குடையவனுக்கு நான்கு நாளைக்கு ஒரு நாள் முறை. தூர் வாரும் செலவும் அப்பங்கின்படியே. கிரயப் பத்திரத்திலும் நிலத்தோடு கிணற்றுப் பங்கு எழுதப்பட்டது.

இம்முறை கற்பித்த குணங்கள் மூன்று. முதலாவது, வாக்குத் தவறாமை: ஒருவன் முறை மீறி இறைத்தால் அடுத்தவன் பயிர் காயும். இரண்டாவது, கூட்டுப் பொறுப்பு: 1904-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட கிராம நாணயச் சங்கங்களில் சங்கத்தின் கடனுக்கு அங்கத்தினர் அனைவரும் அளவின்றிப் பொறுப்பாளிகளாயிருந்தனர். கூட்டுக் கிணற்றில் பழகியவனுக்கு இது புதுப் பாடமன்று. மூன்றாவது, மிதம்: கவலையில் பூட்டிய எருதுகள் களைத்தால் அவிழ்த்துவிட வேண்டும், அவை இளைப்பாறும்போது கிணறும் ஊறும். அவ்வெருதுகளுக்கு நன்றி செலுத்தும் நாளே பட்டிப் பொங்கல்.

இதில் பெருங்குறையும் உண்டு. கவலை ஓட்டிய பண்ணையாளுக்குப் பெரும்பாலும் கிணற்றில் பங்கில்லை; தீண்டாமையின் பேரால் அதில் நீர் மொள்ளவும் பலர் தடுக்கப்பட்டனர். பங்காளிகளுக்குள் நியாயத்தைப் போதித்த கிணறே பிறரை விலக்கவும் போதித்தது.

மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. 1937-இல் அங்கு மின்சார உற்பத்தி தொடங்கிற்று. காலப்போக்கில் பம்புகள் கவலையின் இடத்தைப் பெற்றன. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். மாட்டிற்கும் ஆளுக்கும் இருந்த கடும் உழைப்பு ஒழிந்தது நன்மையே. ஆயினும் பம்பு களைப்பதில்லை. ஆழ்குழாய்க் கிணறு தனியொருவன் உடைமையாகலாம். அடியிலுள்ள நீர் இன்றும் பிரிக்கவியலாத பொதுச் சொத்தே. இவ்விரு ஜில்லாக்களின் பல பிர்க்காக்களில் ஊறுவதற்கு மேலாக நீர் எடுக்கப்படுவதாகச் சர்க்கார் கணக்குகளே கூறுகின்றன.

நாம் அறிய வேண்டுவது இது: முன்னோரின் மிதத்தில் ஒரு பாதி எருதின் களைப்பே. கருவி மாறினால் குணமும் மாறும். எனவே, கருவி தராத கட்டுப்பாட்டை நாமே விதியாக எழுதிக்கொள்ளல் வேண்டும். குடியானவர்கள் ஊர்தோறும் கூடி, எத்தனை மணி இறைப்பது, கோடையில் எப்பயிர் வைப்பது என்று தீர்மானிப்பார்களாக. நிலமில்லாதாரின் குடிநீரை அத்தீர்மானத்தில் முதற்பங்காக எழுதிப் பின்பு எல்லோரும் கையொப்பமிடுவார்களாக.