தூசியும் ஒரு புள்ளிதான்

தம்பி, இன்க்ஜெட் பிரிண்டரில் பிலிம் எடுத்து நீயே ஆஃப்செட் பிளேட் போடப் போகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்தது. சிவகாசியில் நாற்பது வருஷம் மையோடு கிடந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. 1796 வாக்கில் பவேரியாவில் செனஃபெல்டர் என்பவர் கல்லை வைத்து அச்சடித்தது அதைக்கொண்டுதான். உன் அலுமினியத் தகட்டிலும் எழுத்து மையை வாங்கும், வெற்றிடம் தண்ணீரை வாங்கும். இது மனசில் பதிந்தால் தப்பு எங்கே என்று தேட வழி தெரியும்.

2. காலையில் முதல் வேலை பிரிண்டரின் நாசில் செக். ஒருமுறை எழுத்துகளின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தது. பிளேட் மட்டம் என்று மூன்று நாள் கடைக்காரரோடு சண்டை போட்டேன். நாலாம் நாள் பிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். கோடு அதிலேயே இருந்தது. என் பிரிண்டரில் ஒரு துளை அடைத்திருந்தது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறரைக் குறை சொல்லுமுன் உன் பிலிமைப் பார்.

3. கண்ணுக்குக் கறுப்பெல்லாம் ஒளிக்குக் கறுப்பல்ல. மை போதாத இடத்தில் புற ஊதா ஒளி ஊடுருவும். டெவலப்பரில் எழுத்து மெலிந்துவிடும். ஒரு துண்டுப் பிளேட்டில் பத்து பத்து விநாடி கூட்டி எக்ஸ்போஸ் செய்து பார்த்துவிட்டு முழுப் பிளேட்டை எடு. துண்டுக்குக் கஞ்சப்பட்டு முழுசைக் கெடுத்தவன் நான்.

4. பிலிமை மிரர் செய்து எடு. மை படிந்த பக்கம் பிளேட்டைத் தொட வேண்டும். மழைக்காலத்தில் மை காய நேரமாகும். ஈரத்தோடு வைத்தால் வேக்குவம் அழுத்தத்தில் பிளேட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். காத்திரு.

5. எக்ஸ்போஸ் செய்யும் பெட்டியின் கண்ணாடியைத் துடை. ஒவ்வொரு முறையும் துடை. பாசிட்டிவ் பிளேட்டில் ஒளி படாத இடமெல்லாம் அச்சாகும். தூசி மறைத்த இடமும் அப்படித்தான். வேறு மொழியில் அது வெறும் கறையாகப் போகலாம். நம் மொழியில் அது புள்ளி. ஒரு கல்யாணப் பத்திரிகையில், மூன்றெழுத்துள்ள மணமகள் பேரில் நடு எழுத்தின் தலையில் தூசி உட்கார்ந்து அதை மெய்யெழுத்தாக்கிவிட்டது. ஐந்நூறும் ஓடி, மடித்து, கட்டியும் கொடுத்துவிட்டேன். மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். திட்டவே இல்லை. பேரின் மேல் விரலை வைத்து, "இது என் மக பேரு இல்லீங்களே" என்றார். அன்று ராத்திரியே என் செலவில் மறுபடி ஓட்டினேன். அதற்குப் பிறகு, பிளேட்டில் கம் பூசுமுன் ஒவ்வொரு பேரையும் எழுத்துக் கூட்டி வாசித்து, வேண்டாத புள்ளியை டெலீஷன் பேனாவால் அழிக்காமல் ஒரு பிளேட்டும் மிஷினுக்குப் போனதில்லை.

6. ஒற்றை வண்ணத்தில் கை பழகட்டும். பில் புக், நோட்டீஸ் போதும். நாலு கலர் என்றால் நாலு பிலிமும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். இன்க்ஜெட் பிரிண்டர் பிலிமை இழுக்கும்போது கொஞ்சம் நழுவினாலும் போச்சு. வராத வேலையை வராது என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கூச்சப்படாதே.

7. கையுறை போடு. டெவலப்பர் காரம், தோலை அரிக்கும். என் விரல் நுனிகளை நீ சின்ன வயதில் தடவிப் பார்த்து, ஏன் சொரசொரவென்று இருக்கிறது என்று கேட்டாயே, இதனால்தான்.