வீட்டு வேலைக்கு வரும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு வரப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னார். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீ வீட்டில் இருக்க வேண்டும். காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. கம்பெனியில் ஸ்டிச்சிங் என்றால் ஸ்டிச்சிங்தான். உள்ளே போன நேரம் மெஷினில் பதியும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். ஒரு வீட்டுக்குள் இதில் எதுவுமே கிடையாது. அந்த ஒழுங்கை நீதான் கையோடு கொண்டுபோக வேண்டும். நல்ல வேலைக்காரி என்றால் எதற்கும் தலையாட்டுகிறவள் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வேலையைத் தெளிவாகப் பேசி, பேசியதைக் குறை வைக்காமல் முடிக்கிறவளைத்தான் நான் மதிக்கிறேன்.

ஆகவே துடைப்பத்தைத் தொடும் முன்பே பேசு. பாத்திரம் எத்தனை வேளை, துணி உண்டா, மாடிப்படியும் பாத்ரூமும் சேர்த்தியா, மாதத்தில் எத்தனை நாள் லீவு, சம்பளம் எந்தத் தேதி? ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் முஸ்லிம் வீடுகள் நிறைய. ரமலான் மாதம் பகலில் அடுப்படி ஓய்ந்திருக்கும். நோன்பு திறந்த பிறகு விழும் பாத்திரமும் சஹர் பாத்திரமும் சேர்ந்து காலையில் உனக்காகக் காத்திருக்கும். அந்த மாதத்துக்கு நேரம் எது, கூடுதல் எவ்வளவு என்று பிறை பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடு. ஜகாத் என்று ஏதாவது கொடுத்தால் மரியாதையாக வாங்கிக்கொள். அதைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்பது அவர்கள் மார்க்கத்திலேயே உள்ள கணக்கு. சம்பளத்தைத் தனியாகக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"நீ எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி" என்பார்கள். அந்தப் பாசம் பொய் இல்லை. ஆனாலும் "கொஞ்சம் இதையும் பண்ணிடும்மா" என்பது பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் வரும். உடம்பு முடியாதவர்கள், திடீர் விருந்தாளி என்றால் தயங்காமல் செய். அதுவே வழக்கமானால், "இது நாம பேசினதுல இல்லையேம்மா, சேர்த்துக்கலாமா, எவ்வளவு போடுறீங்க?" என்று முகம் சுளிக்காமல் கேள். 2018-ல் தமிழக அரசு வீட்டு வேலைக்கு மணிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. அன்றைக்கு அது 37 ரூபாயில் தொடங்கியது. அரசாணையில் ஏறிய தொழிலுக்குக் கூலி கேட்கக் கூச்சம் எதற்கு?

தண்ணீரைப் பற்றிக் கேட்டுக்கொள். டேனரிக் கழிவால் பாலாற்றுப் பக்கம் நிலத்தடி நீர் எவ்வளவு கெட்டது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. போர் தண்ணீரில் கழுவினால் பாத்திரத்திலும் குழாயிலும் வெள்ளை படியும், பழி உன் கைக்கு வரும். எந்தத் தண்ணீர் எதற்கு என்று முதல் நாளே கேள். கறை போக ஆசிட் கொடுப்பார்கள். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதே, குளோரின் கிளம்பி நெஞ்சை அடைக்கும். தோல் ஷாப் தொட்டியில் விஷவாயு தாக்கிச் செத்தவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நீ. மூடிய பாத்ரூமும் ஆபத்தானதுதான்.

இப்போது வாய். எத்தனையோ பெண்கள் கை சுத்தமாக இருந்தும் வாயால் வேலை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆம்பூரில் ஒரு வீட்டு ஐயா கம்பெனி மேனேஜர் என்றால், பக்கத்து வீட்டு ஐயா அதே கம்பெனிக்குக் கெமிக்கல் சப்ளை செய்கிறவராக இருப்பார். ஆர்டர் நின்றது, பேங்க்காரர் வந்து போனது, சம்பந்தம் முறிந்தது எல்லாம் நீ தரை துடைக்கும்போது காதில் விழும். அங்கேயே விட்டுவிட்டு வா. "அந்த வீட்ல என்ன விசேஷம்?" என்று வேறு வீட்டு அம்மாவே கேட்டாலும் "தெரியலம்மா" என்று சொல். போனில் படம் எடுக்கவே எடுக்காதே.

நகையோ பணமோ கீழே கிடந்தால் நீயாக எடுத்து வைக்காதே, கூப்பிட்டுக் காட்டு. அப்படியும் பழி வரலாம், போலீஸ் வரை போகலாம். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, அவள் வீட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்த வீட்டு ஆண் எவனாவது தவறாக நடந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதே. 2013-ஆம் வருடச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. மூன்று மாதத்துக்குள் மாவட்டப் புகார்க் குழுவுக்கு எழுது. ஆம்பூர் என்றால் திருப்பத்தூர் மாவட்டம், பேரணாம்பட்டு என்றால் வேலூர்.

சில வீடுகளில் இன்னும் தனி டம்ளர் வைக்கிறார்கள். வேலை வேண்டும் என்பதற்காக நீ சகித்துக்கொண்டால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். வேறு வீடு கிடைத்ததும் முதலில் அந்த வீட்டை விடு. விடும்போதும் ஒழுங்காக விடு. முன்கூட்டியே சொல், சாவியை அந்த வீட்டு அம்மா கையிலேயே கொடு.

வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-லேயே வந்துவிட்டது. பதிந்துகொண்டால் பிள்ளை படிப்புக்கு உதவி உண்டு, 60 வயதில் ஓய்வூதியம் உண்டு, விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்குப் பணம் உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், போட்டோ எல்லாம் எடுத்து வை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம்.

உன் அக்கா