வீட்டு வருமானம் எவ்வளவு? முதல்ல, யாரைக் கேட்டீங்க?

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கோ, உன்னத் பாரத் அபியான் சர்வேக்கோ போன எல்லாருக்கும் அந்தக் கட்டம் தெரியும்: ‘குடும்பத்தின் மாத வருமானம்’. கதவைத் தட்டுவோம், யார் வெளியே வர்றாங்களோ அவங்ககிட்ட கேட்போம், சொன்னதை எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவோம். அந்த எண் பிறகு எக்செல்லுக்குப் போகும், சராசரி வரும், ரிப்போர்ட் ஆகும். ஆனா பதில் சொன்னது யார் என்ற விவரத்தைப் பல நேரம் யாரும் கவனிப்பதில்லை. அது ஏன் முக்கியம் என்று பார்ப்போம்.

ஒரு கணக்கு

முக்கூடல் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் கொத்தனார், மாதம் 18,000 ரூபாய் சம்பாதிக்கிறார். மனைவி பீடி சுற்றுகிறார், மாதம் 4,500. ஆடு வளர்ப்பில் மாதக் கணக்குக்கு 500.

கணவரிடம் கேட்டால்: “எனக்கு 18,000 வரும். அவ ஏதோ பீடி சுத்துதா, அதுல என்ன, ஒரு 2,000 வரும்.” மொத்தம் 20,000, வருடத்துக்கு 2,40,000.

மனைவியிடம் கேட்டால்: “அவுக வீட்டுக்குத் தர்றது 12,000. எனக்கு பீடியில 4,500, ஆட்டுல 500.” மொத்தம் 17,000, வருடத்துக்கு 2,04,000.

இருவரையும் தனித்தனியாக, அவரவர் வருமானத்தை மட்டும் கேட்டால்: 18,000 + 5,000 = 23,000; வருடத்துக்கு 2,76,000.

வீடு ஒன்றுதான், வந்த விடை மூன்று. இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. மனைவியின் கூலியைக் கணவர் ‘கைச்செலவுக் காசு’ என்று குறைத்து நினைக்கிறார். கணவரின் வருமானத்தில் வீட்டுக்கு வந்த பங்கு மட்டும்தான் மனைவிக்குத் தெரியும்.

இது கற்பனையோடு நிற்கவில்லை

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுத் தரவை வைத்து மோனிகா ஃபிஷர், ஜெஃப்ரி ரைமர், எட்வர்ட் கார் ஆகியோர் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனைவியின் வருமானத்தைக் கணவரிடமும் கேட்டார்கள், மனைவியிடமும் கேட்டார்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனது 6 சதவீத வீடுகளில் மட்டும்தான். ஒருவரை மட்டும் கேட்டால் நேரமும் காசும் மிச்சம். ஆனால் வறுமைக்கு என்ன காரணம் என்ற முடிவே தப்பாகப் போகலாம் என்றார்கள்.

இந்தியாவிலும் வருமானக் கணக்கெடுப்பு சுலபமாக இருந்ததில்லை. தேசிய மாதிரி ஆய்வு 1950-களிலும் 60-களிலும் முயன்று பார்த்தது. மக்கள் சொன்ன வருமானம், அவர்களுடைய செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வரும் தொகையைவிடக் குறைவாக இருந்தது. அதனால் அந்த முயற்சி தொடரவில்லை. பின்னர் 2004-05-லும் 2011-12-லும் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வு வேறு வழியில் போனது. ‘மொத்த வருமானம் எவ்வளவு’ என்று ஒரே கேள்வியாகக் கேட்காமல், 50-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வரவுகளாகப் பிரித்துக் கேட்டது. வீட்டுப் பெண்களுக்குத் தனி நேர்காணலும் வைத்தது.

நம்ம ஊரில் ஏன் இன்னும் கவனம் வேணும்?

தாமிரபரணிக் கரையில் பெண்களின் வருமானம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கிற வேலையில் இருந்து வருகிறது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி, பத்தமடையில் கோரைப்பாய். திண்ணையில் உட்கார்ந்து செய்வதால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது ‘வேலை’யாகவே படுவதில்லை. வயலில் நடவும் களையெடுப்பும் கார், பிசானம் பருவங்களில் சில வாரங்கள் மட்டும் வரும். சித்திரையில் போய் ‘போன மாதம் எவ்வளவு’ என்று கேட்டால் அந்தக் கூலி காணாமலே போகும்.

மாணவர்கள் செய்யும் சர்வேதானே என்று அலட்சியமாக விடவும் முடியாது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் எடுக்கச் சொன்னார். அதில் நம்ம கங்கைகொண்டானும் ஒன்று. 1918-ல் அது புத்தகமாக வந்தது. 1930-களில் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போய் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். மாணவர்கள் எழுதி வைத்த விவரத்தோடுதான் பின்னால் வந்தவர்கள் ஒப்பிட்டார்கள்.

எஞ்சினியர் மொழியில்

சாம்பிளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 30 வீட்டுக்குப் பதில் 300 வீடு எடுத்தால் தற்செயல் பிழை சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் எல்லா வீட்டிலும் கணவரையே கேட்டிருந்தால், மனைவியின் வருமானம் குறைந்து பதிவாகும் சாய்வு அப்படியே இருக்கும். ஆஃப்செட் உள்ள சென்சாரில் ஆயிரம் ரீடிங் எடுத்தாலும் ஆஃப்செட் போகாது, இல்லையா?

இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் போனால் பெண்கள், சாயங்காலம் போனால் ஆண்கள் கிடைப்பார்கள். ஒரு தெருவைக் காலையிலும் அடுத்த தெருவை மாலையிலும் முடித்தால், இரண்டு தெருவுக்கும் வருமான வித்தியாசம் இருப்பதாக ரிப்போர்ட் சொல்லும். உண்மையில் மாறியது பதில் சொன்ன ஆள்.

அடுத்த முகாமில் என்ன செய்யலாம்?

1. படிவத்தில் ‘பதில் சொன்னவர் யார்’ என்று ஒரு கட்டம் சேருங்க. கணவர், மனைவி, மகன், மாமியார் என்று குறித்தாலே போதும்.

2. சம்பாதிக்கிறவரை அவரவர் வருமானத்தை மட்டும், முடிந்தால் தனியாகக் கேளுங்க. பெண்களிடம் பேச மாணவிகள் போவது நல்லது.

3. ‘வருமானம் எவ்வளவு’ என்று கேட்காமல், ‘வாரத்துக்கு எத்தனை ஆயிரம் பீடி? ஆயிரத்துக்கு என்ன கூலி?’ என்று கேளுங்க. பெருக்கல் நம்ம வேலை.

4. எல்லா வீட்டிலும் இருவரையும் பார்க்க நேரமில்லை என்றால், பத்தில் இரண்டு வீட்டிலாவது பாருங்க. இடைவெளி எவ்வளவு என்று அதிலிருந்து தெரியும்.

5. மனைவி சொன்னதைக் கணவரிடமோ, கணவர் சொன்னதை மனைவியிடமோ சொல்லிவிடாதீங்க. வீட்டில் சண்டை மூட்ட நாம போகவில்லை.

6. இது எந்த உதவித்தொகைக்கும் இல்லை என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்க. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்க. முதல் இரண்டு விடையும் அந்த வரம்புக்குக் கீழே, மூன்றாவது மேலே. பேப்பரோடு யார் வந்தாலும் மக்கள் மனதில் அந்த வரம்பு ஓடும், அந்தப் பயம் நியாயமானதும்கூட.

வீட்டு வருமானத்துக்கான அகில இந்திய ஆய்வு 2026 பிப்ரவரியில் தொடங்கும் என்று மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025-ல் அறிவித்தது. அப்படி வரும் எண்களைப் படிக்கும்போது, அந்த வீட்டில் பதில் சொன்னது யார் என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுவோம். நம்ம சொந்த ரிப்போர்ட்டுக்கும் அதே கேள்விதான்.