கட்டடம் கட்ட நினைத்த நாவலாசிரியர்



மலருக்குக் கட்டுரை கேட்ட பேரவைச் செயலாளர் அண்ணன், "நீ சிவில்தானே, அது சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுடா" என்றார். நான் எழுதப்போவதோ ஒரு ஜப்பான் நாவலாசிரியரைப் பற்றி. ஆனாலும் சம்பந்தம் இருக்கிறது. நவீன ஜப்பானிய நாவலின் முன்னோடியான நட்சுமே சோசெகி முதலில் படிக்க ஆசைப்பட்டது கட்டடக்கலைதான்!

பிறப்பும் வளர்ப்பும்

அவர் 1867-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில் பிறந்தார். இயற்பெயர் நட்சுமே கின்னொசுகே. வீட்டில் கடைக்குட்டி. வயதான காலத்தில் பிள்ளை பிறந்துவிட்டதே என்று பெற்றோருக்கு வெட்கம். குழந்தையைப் பழைய சாமான் கடைக்காரர் ஒருவரிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். இரவுக் கடையில் சாமான்களுக்கு நடுவே கூடையில் கிடந்த தம்பியைப் பார்த்து மனசு கேட்காமல் அக்காள்தான் தூக்கி வந்தாராம். பிறகு மறுபடியும் தத்துக் கொடுத்தார்கள். வளர்த்தவர்கள் விவாகரத்து செய்துகொண்டதால் ஒன்பது வயது வாக்கில் பிறந்த வீட்டுக்கே திரும்பினார். அங்கே இருந்த பெரியவர்களைத் தாத்தா பாட்டி என்றே நினைத்திருந்தார். ஒரு நாள் ராத்திரி வீட்டு வேலைக்காரப் பெண் வந்து, அவர்கள்தான் உன் அப்பா அம்மா என்று காதோடு சொன்னாள். அந்தச் செய்தியைவிட, சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே, அந்த அன்புதான் சந்தோஷம் தந்தது என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

கட்டடம் போய் இலக்கியம்

யாருக்கும் வளைந்து கொடுக்கத் தெரியாத தனக்குக் கட்டடக்கலைதான் சரி, அது கலையாகவும் இருக்கும், சோறும் போடும் என்பது மாணவர் கின்னொசுகேயின் கணக்கு. யொனெயாமா என்ற நண்பர் அதைக் கலைத்தார். இன்றைய ஜப்பானில் எவ்வளவு திறமை இருந்தாலும் லண்டன் செயிண்ட் பால் தேவாலயம் போல ஒன்றைக் கட்டிவிட முடியாது, இலக்கியத்தில் முடியும் என்றார். அதைக் கேட்டு ஆங்கில இலக்கியம் படித்து, 1893-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்.

'சோசெகி' என்பது புனைபெயர். அதற்கு ஒரு சீனத்துப் பழங்கதை உண்டு. கல்லைத் தலையணையாக வைத்து, ஓடை நீரில் வாய் கொப்பளிப்பேன் என்று சொல்ல வந்த ஒருவர் வாய் தவறி, ஓடையைத் தலையணையாக வைத்து, கல்லால் வாய் கொப்பளிப்பேன் என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் சிரித்தபோதும் விடவில்லை. ஓடை காதைக் கழுவுவதற்கு, கல் பல்லைத் தேய்ப்பதற்கு என்று சாதித்தார்! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற ரகம். அந்தப் பிடிவாதக்காரரின் நினைவாகத்தான் இந்தப் பெயர்.

லண்டன் வாசம்

மட்சுயாமா, குமாமொட்டோ ஊர்களில் ஆசிரியராக இருந்தவரை, 1900-ல் அரசு உதவித்தொகை கொடுத்து லண்டனுக்கு அனுப்பியது. கொடுத்த பணம் போதவில்லை. வயிற்றைக் கட்டிப் புத்தகம் வாங்கினார். அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஜப்பான் வரை பேச்சு போனது. ஆனால் அந்த அறையில்தான் ஒன்று விளங்கியது. ஆங்கிலேயர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் கொண்டிருக்கிறோம், இனி நம் புத்தியைக்கொண்டு நாமே முடிவு செய்யவேண்டும் என்பதே அது. 1914-ல் மாணவர்களுக்கு ஆற்றிய ஓர் உரையில் இதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்.

படைப்புகள்

1903-ல் ஊர் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1905-ல் 'நான் ஒரு பூனை' வெளிவரத் தொடங்கியது. பெயர்கூட வைக்கப்படாத ஒரு பூனை, தன் எஜமானராகிய வாத்தியாரையும் அவர் நண்பர்களையும் கிண்டலடிக்கும் நாவல். 1906-ல் 'போச்சான்'. 1907-ல் பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு ஆசாஹி நாளிதழில் தொடர்கதை எழுதச் சேர்ந்தார். 'சான்ஷிரோ' (1908), 'சொரெகாரா' (1909), 'மோன்' (1910) ஆகியவை அதில் வந்தவை. 1911-ல் அரசு கொடுக்க வந்த டாக்டர் பட்டத்தை வேண்டாம் என்று திருப்பிவிட்டார். வயிற்றுப்புண் வாட்டியது. 'மெய்யான்' நாவல் முடியும் முன்பே 1916 டிசம்பர் 9-ந் தேதி, 49 வயதில் காலமானார். 1984-ல் வெளியான 1000 யென் நோட்டில் அவர் படத்தைப் போட்டது ஜப்பான்.

என்னை உலுக்கிய நாவல்

'கொக்கொரோ' (1914) என்றால் மனம் என்று பொருள். நூலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். நண்பனுக்குத் துரோகம் செய்துவிட்டு வாழ்நாளெல்லாம் குமுறும் ஒருவரின் கதை. அவரைக் குருவாக நினைக்கும் மாணவன்தான் கதை சொல்கிறான்.

அவன் பட்டம் வாங்கிக் கிராமத்துக்குப் போகிறான். பெட்டிக்குள் அமுங்கிப் பட்டத்தாள் கசங்கியிருக்கிறது. நோயாளி அப்பா அதை எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைக்கப் பார்க்கிறார். அது நிற்காமல் சாய்ந்து சாய்ந்து விழுகிறது. அவனுக்கோ அப்பாவின் சந்தோஷம் பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிகிறது. நான் உயிரோடு இருக்கும்போதே நீ படித்து முடித்தாயே, அதுதான் எனக்குச் சந்தோஷம் என்று அப்பா சொன்னதும் வெட்கிப்போகிறான்.

அந்தப் பக்கத்துக்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை.

எங்கப்பா கொத்தனார். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்தன். முதலாம் ஆண்டில் ஃபீஸ் கட்டப் பணம் கொடுக்க, வேலை முடிந்த கையோடு சிமெண்டு படிந்த கைலியோடு விடுதி வாசலுக்கு வந்துவிட்டார். "யாருடா இது?" என்று கூட இருந்தவன் கேட்டான். "எங்க ஊர்க்காரர்" என்றேன். அப்பா காதிலும் விழுந்தது. "சாப்ட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நண்பர்களே! நூறு வருஷத்துக்கு முந்தைய ஜப்பான்காரர் ஒருவர் என் குற்றத்தை எழுதி வைத்திருக்கிறார். படிப்பு நம்மை உயர்த்தும், சரி. யார் தோளில் ஏறி உயர்ந்தோம் என்பதை அது மறக்கவைக்கக் கூடாது. நல்ல நாவல் அதைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

மலர் வெளியீட்டு விழாவுக்கு அப்பாவை வரச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கத்தை நானே அவருக்குப் படித்துக் காட்டுவேன். அன்று "யாருடா இது?" என்று கேட்ட நண்பனுக்கு இப்போது சொல்கிறேன்: அவர் எங்கப்பா.